வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறுவது நியாயமா?

“என்னைவிடப் பத்து மடங்கு சம்பாதிப்பவர் பத்து மடங்கு வரி கட்டட்டும், அதில் தப்பில்லை. இருபது மடங்கு ஏன் கட்ட வேண்டும்? எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்றால்தானே அது சமம்?” இதுதான் கேள்வி.

நேர்மையான கேள்வி. கேட்பவரைப் பேராசைக்காரர் என்று தட்டிவிட்டுப் போகக் கூடாது. ஏறுமுக விகிதம் நியாயமானது என்பதுதான் என் முடிவு. ஆனால் அதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் போதாது, அதைவிட வலுவான காரணம் வேறு இருக்கிறது. இன்னொன்று: ஒரு நாட்டின் வருமான வரியில் அநியாயம் இருந்தால் அது பெரும்பாலும் விகித அட்டவணையில் உட்கார்ந்திருப்பதில்லை. எதை வருமானம் என்று எண்ணுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அடுக்கு எப்படி வேலை செய்கிறது

பேச வசதியாக ஓர் அட்டவணையை வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் சரி. ஆண்டு வருமானத்தில் முதல் 2 லட்சத்துக்கு வரி இல்லை. 2 முதல் 5 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 10%. 5 முதல் 10 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 20%. அதற்கு மேல் உள்ள பகுதிக்கு 30%.

4 லட்சம் சம்பாதிப்பவர் கட்டுவது 20,000, அதாவது மொத்தத்தில் 5%. 10 லட்சம் சம்பாதிப்பவர் 1,30,000 கட்டுகிறார், 13%. 20 லட்சத்துக்கு 4,30,000, 21.5%. ஒரு கோடிக்கு 28,30,000, 28.3%. பத்து லட்சக்காரரையும் கோடிக்காரரையும் ஒப்பிட்டால் வருமானம் பத்து மடங்கு, வரி கிட்டத்தட்ட இருபத்திரண்டு மடங்கு. கேள்வி கேட்டவரின் கணக்கு சரிதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோடிக்காரரின் முதல் 2 லட்சத்துக்கும் வரி இல்லை. அவருடைய அடுத்த 3 லட்சத்துக்கும் 10% தான். விகிதம் ஆளுக்கு ஆள் மாறவில்லை, வருமானத்தின் துண்டுக்குத் துண்டுதான் மாறுகிறது. ஒரே துண்டுக்கு எல்லாரும் ஒரே விகிதம் கட்டுகிறார்கள். சட்டத்தின் முன் சமம் என்பதை இந்த அர்த்தத்தில் அடுக்கு முறை மீறவில்லை. கடைசியாகச் சம்பாதித்த 100-க்குப் போகும் வரியை விளிம்பு விகிதம் என்பார்கள். மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்தால் வருவது சராசரி விகிதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

“சம்பளம் கூடி மேல் ஸ்லாபுக்குப் போனால் கையில் வருவது குறைந்துவிடும்” என்ற பயமும் இந்தக் குழப்பத்தின் பிள்ளை. நம் அட்டவணையில் 10,00,000 வாங்கியவருக்கு 100 கூடினால் அந்த 100-க்கு மட்டும் 30 போகும், 70 கையில் நிற்கும். ஏற்கனவே இருந்த 10 லட்சத்தின் வரி ஒரு காசும் கூடாது.

அதே நேரம், இந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சிரித்துவிடவும் முடியாது. அடுக்கின் மேல் தள்ளுபடி, சலுகை, மேல்வரி (கணக்கிட்ட வரியின் மேல் போடும் கூடுதல் வரி) என்று ஒட்டுப்போடும்போது உண்மையிலேயே பள்ளம் விழும். இந்தியாவின் பழைய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 5 லட்சம் வரை இருந்தால் 12,500 ரூபாய் வரி முழுவதும் தள்ளுபடி. 5 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் அந்த 12,500 முழுசாகத் தலையில் விழும், செஸ் தனி. 2023-ல் புதிய முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி கொடுத்தபோது, வரம்பைத் தாண்டிய தொகையைவிட வரி கூடக் கூடாது என்று விளிம்பு நிவாரணத்தைச் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

பிரிட்டனில் இன்னொரு விதம். அங்கே அடிப்படை விலக்கு 12,570 பவுண்டு. வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டும் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் இந்த விலக்கில் 1 பவுண்டு கழிந்துகொண்டே வரும். விளைவு: 1,00,000 முதல் 1,25,140 வரை விளிம்பு விகிதம் உண்மையில் 60%. அதற்கு மேல் 45%. அட்டவணையில் 60% என்று எங்கும் எழுதியிருக்காது. கோடி கோடியாகச் சம்பாதிப்பவரைவிட இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர் கூடுதல் விளிம்பு விகிதம் கட்டுவதை எந்த நியாயக் கோட்பாடும் காப்பாற்றாது. இது ஏறுமுக வரியின் குற்றமில்லை. ஏற்றம் சீராக இல்லாததன் குற்றம்.

வழக்கமாகச் சொல்லும் காரணமும் அதன் ஓட்டையும்

“ஏழைக்கு 100 பெரிய தொகை, பணக்காரருக்கு 100 ஒன்றுமில்லை, ஆகவே பணக்காரர் அதிக விகிதம் கட்ட வேண்டும்.” பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து தானாக வராது.

ஏன் என்று பார்ப்போம். எல்லாரும் சமமான தியாகம் செய்யும்படி வரி போடுவதாக வைத்துக்கொள்வோம். 10 லட்சக்காரர் 10% கட்டுகிறார். அவர் படும் அதே அளவு வலியை ஒரு கோடிக்காரரும் பட வேண்டும் என்றால் அவர் எவ்வளவு கட்ட வேண்டும்? வருமானம் கூடக்கூட, கூடுதலாக வரும் பணத்தின் மதிப்பு ஒருவருக்கு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைப் பொறுத்தது அது. வருமானம் இரட்டிப்பானால் கூடுதல் 100-ன் மதிப்பு சரியாகப் பாதியாகிறது என்றால், கோடிக்காரர் கட்ட வேண்டியதும் அதே 10% தான். மதிப்பு நாலில் ஒன்றாகக் குறைகிறது என்றால் அவர் 53% கட்ட வேண்டும். பாதிக்குக் கூட இறங்காமல் சுமார் 70% அளவில் நிற்கிறது என்றால் அவர் 3.2% கட்டினாலே போதும்! ஆக, மதிப்பு தேய்கிறது என்பது மட்டும் போதாது. வருமானம் இரட்டிக்கும்போது பாதிக்கும் கீழே இறங்கும் அளவுக்கு வேகமாகத் தேய்ந்தால்தான் சமத் தியாகம் ஏறுமுக விகிதத்தில் போய் முடியும். அந்த வேகத்தை ஒருவரின் மனதுக்குள் புகுந்து அளக்கக் கருவி கிடையாது. சமத் தியாகக் கொள்கையை முன்வைத்த 19-ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்லே வாழ்வுக்குத் தேவையான குறைந்த அளவுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, மீதிக்கு ஒரே விகிதம் போதும் என்றார். பரம்பரைச் சொத்துக்குத்தான் அவர் கடுமை காட்டினார்.

பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1897-ல் வேறு வழியில் போனார். தியாகம் சமமாக இருக்க வேண்டாம், எல்லாருடைய தியாகத்தின் கூட்டுத்தொகை குறைந்தபட்சமாக இருந்தால் போதும் என்றால்? கணக்கு நேராக ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்: உச்சத்தில் இருப்பவரிடமிருந்து எடுக்கத் தொடங்கி, தேவையான தொகை வரும்வரை மேலிருந்து கீழே சீவிக்கொண்டே வர வேண்டும். அந்த முடிவைக் கண்டு அவரே தயங்கினார். இப்படிச் சீவினால் மரம் அடுத்த ஆண்டு காய்க்குமா என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் இல்லை.

அந்தக் கேள்வியைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் பொருளியலாளர் ஜேம்ஸ் மிர்லீஸ், 1971-ல். வரி கூடினால் மக்கள் உழைப்பைக் குறைப்பார்கள் என்பதையும், யாருக்கு எவ்வளவு திறமை என்று அரசுக்குத் தெரியாது, வருமானம் மட்டுமே தெரியும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். விளிம்பு விகிதம் செங்குத்தாக ஏறும் என்று எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட நேர்கோடு. 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னால் வந்த பொருளியலாளர்கள், குறிப்பாகப் பீட்டர் டயமண்டும் இமானுவல் சாயெஸும், உச்ச வருமானங்களின் உண்மைத் தரவை வைத்து எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார்கள். இரண்டு எண்கள் தேவை. ஒன்று, உச்ச வருமானங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண். அமெரிக்காவுக்குச் சுமார் 1.5. மற்றது, வரி போகக் கையில் மிஞ்சும் பங்கு 1% குறைந்தால் மக்கள் கணக்குக் காட்டும் வருமானம் எத்தனை சதவீதம் குறையும் என்பது. இரண்டையும் பெருக்கி, 1 கூட்டி, அதால் 1-ஐ வகுத்தால், உச்ச வருமானத்திலிருந்து அரசுக்கு அதிகபட்ச வருவாய் தரும் விகிதம் வரும். இரண்டாவது எண் 0.25 என்றால் 73%. 0.5 என்றால் 57%. 1 என்றால் 40%. வருமான வரி மட்டுமில்லாமல் சம்பளத்தின் மீதான மற்ற பிடித்தங்களும் நுகர்வு வரியும் சேர்ந்த விகிதம் இது.

இந்தச் சூத்திரத்தைக் காட்டி “அறிவியலே 73% என்று சொல்கிறது” என்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. உச்சத்தில் இருப்பவரின் கூடுதல் 100-க்கு மதிப்பே கிடையாது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. அது அறம் சார்ந்த தேர்வு, அளந்து கண்டுபிடித்த உண்மை அல்ல. ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லித் தருகிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. இரண்டாவது எண் இயற்கை கொடுத்தது அல்ல. சம்பளத்தை மூலதன ஆதாயமாகவும் (சொத்தையோ பங்கையோ விற்றுக் கிடைக்கும் லாபம்), சொந்த வருமானத்தைக் கம்பெனி வருமானமாகவும் மாற்றிக்காட்ட வழி இருந்தால் அந்த எண் பெரிதாகும். வழியை அடைத்தால் சிறிதாகும். எவ்வளவு உயர்ந்த விகிதம் தாங்கும் என்பதை ஓட்டைகள்தான் முடிவு செய்கின்றன.

வலுவான காரணம் எது

எனக்கு வலுவாகத் தோன்றும் காரணம் வேறு: வருமான வரி தனியாக நிற்பதில்லை. ஒருவர் அரசுக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் கூட்டித்தான் நியாயத்தை அளக்க வேண்டும். பொருள் வாங்கும்போது கட்டும் மறைமுக வரி சாப்பிடுகிறவருக்கெல்லாம் உண்டு. வருமானம் குறைந்தவர் கிட்டத்தட்ட முழுவதையும் செலவழிக்கிறார். வருமானம் கூடக்கூடச் செலவாகும் பங்கு குறைகிறது.

எண்ணில் பார்ப்போம். செலவில் 10% மறைமுக வரியாகப் போகிறது. 4 லட்சக்காரர் வருமான வரி போக மிஞ்சியதை முழுவதும் செலவழிக்கிறார், 20 லட்சக்காரர் பாதியை, கோடிக்காரர் கால்வாசியை. வருமான வரி எல்லாருக்கும் ஒரே 20%, விலக்கு எதுவும் இல்லை என்று வைத்தால், இரண்டு வரியும் சேர்ந்து முதலாமவருக்கு 28%, இரண்டாமவருக்கு 24%, கோடிக்காரருக்கு 22%. “எல்லாருக்கும் ஒரே சதவீதம்” என்று ஆரம்பித்தது, மொத்தத்தில் ஏழைக்கு அதிக சதவீதம் என்று முடிந்துவிட்டது. மேலே சொன்ன அடுக்கு அட்டவணையில் அதே மூவருக்கும் 14.5%, 25.4%, 30.1%. விகிதம் ஏறுவது பணக்காரரைத் தண்டிக்க அல்ல. மற்ற வரிகள் கீழ்நோக்கிச் சாய்வதை நிமிர்த்தவே ஏற்றத்தில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: சேமித்த பணமும் ஒருநாள் செலவாகும், அப்போது மறைமுக வரி கட்டத்தானே வேண்டும்? உண்மை. முழு ஆயுளையும் எடுத்துக்கொண்டால் சாய்வு கொஞ்சம் குறையும். ஆனால் பெரிய சேமிப்பில் கணிசமான பங்கு செலவாவதே இல்லை, அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மேலும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்களுக்குப் பல நாடுகளில் உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவில் 2025-ல் ஊழியரிடமும் முதலாளியிடமும் தலா 6.2% பிடித்தது முதல் 1,76,100 டாலர் சம்பளத்துக்குத்தான். அதற்கு மேல் இந்தப் பிடித்தம் இல்லை. ஓய்வூதியத்துக்கும் வரம்பு இருக்கிறது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். இருந்தாலும் வரிச்சுமைக் கணக்கில் அதுவும் கீழ்நோக்கிச் சாய்வதுதான்.

இரண்டாவது காரணம், விலக்கு வரம்பு. ஒரே விகிதம் கேட்பவர்களில் பெரும்பாலோர் சோற்றுக்கு வேண்டிய முதல் தொகைக்கு வரி கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட அந்த நிமிடமே சராசரி விகிதம் ஏறுமுகமாகிவிட்டது. 2 லட்சம் விலக்கு, அதற்கு மேல் எல்லாருக்கும் 25% என்று போட்டால், 4 லட்சக்காரரின் சராசரி 12.5%, 8 லட்சக்காரருக்கு 18.75%, 20 லட்சத்துக்கு 22.5%, கோடிக்கு 24.5%. கொள்கைச் சண்டை இங்கேயே முடிந்துவிட்டது. மீதி இருப்பது எவ்வளவு செங்குத்தாக ஏற வேண்டும் என்ற அளவுச் சண்டைதான். வரலாறும் இதையே காட்டுகிறது. பிரதமர் வில்லியம் பிட் 1799-ல் பிரிட்டனில் கொண்டுவந்த முதல் வருமான வரியிலேயே 60 பவுண்டுக்குக் கீழ் வரி இல்லை, 200 பவுண்டுக்கு மேல் 10%, இடையில் படிப்படியாக ஏறும் விகிதம்.

இந்த 25% கணக்கை அடுக்கு அட்டவணையோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும். 20 லட்சக்காரருக்குப் பெரிய வித்தியாசமில்லை, 4,30,000-க்குப் பதில் 4,50,000. கோடிக்காரருக்கு 3,80,000 மிச்சம். 8 லட்சக்காரர் கட்டுவது 90,000-லிருந்து 1,50,000 ஆகிறது. 4 லட்சக்காரர் 20,000-க்குப் பதில் 50,000. ஒரே விகிதத்துக்கு மாறினால் நடுத்தர வர்க்கம் தப்பிக்கும் என்று நம்புகிறவர்கள் தங்கள் நாட்டு எண்களைப் போட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது.

எதிர்த்தரப்பில் நான் மிகவும் மதிக்கும் வாதம் பொருளியலாளர் ஃப்ரீட்ரிக் ஹாயெக் 1960-ல் வைத்தது. தான் கட்டாத விகிதத்தைப் பெரும்பான்மை ஒரு சிறுபான்மைக்கு வாக்களித்து விதிக்கலாம் என்றால், அதற்கு எல்லை எங்கே? ஒரே விகிதம் என்றால் வரியைக் கூட்டும்போது வாக்களிப்பவருக்கும் சுடும். ஏறுமுக விகிதத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இது வெறும் பயமில்லை. இந்தியாவில் 1973-74-ல் உச்ச விகிதம் 85%, அதன் மேல் 15% மேல்வரி சேர்ந்து 97.75%. பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியில் முதலீட்டு வருமானத்துக்கு 83% உச்ச விகிதமும் 15% கூடுதல் விகிதமும் சேர்ந்து 98%. ஸ்வீடனில் 1976-ல் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், வருமான வரியும் சுயதொழில் கட்டணமும் சேர்ந்து தன் விளிம்பு விகிதம் 102% ஆனதை வெளியே சொல்லி நாட்டையே உலுக்கினார். ஹாயெக் ஒரு வரம்பும் சொன்னார்: நாட்டின் மொத்த வருமானத்தில் அரசு எவ்வளவு பங்கை வரியாக எடுக்கிறதோ, உச்ச விளிம்பு விகிதம் அதைத் தாண்டக் கூடாது. எனக்கு அது மிகவும் தாழ்வான வரம்பாகப் படுகிறது. ஆனால் கடைசி 100-ல் பாதிக்கு மேல் போனால், அதற்கான காரணத்தை அரசு மிகத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

“என் உழைப்பு, என் பணம்” என்ற வாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொத்துரிமை, ஒப்பந்தத்தை அமலாக்கும் நீதிமன்றம், காப்புரிமை, வியாபாரம் நொடித்தால் பங்குதாரரின் வீட்டைக் காப்பாற்றும் வரையறுத்த பொறுப்பு, இவையெல்லாம் இல்லாமல் கோடி வருமானம் என்று ஒன்று உருவாகாது. இதனால் விகிதம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று நிரூபணமாகாது. வரிக்கு முந்தைய வருமானம் மட்டும் அரசின் கை படாதது என்ற எண்ணம் மட்டும் உடையும்.

அநியாயம் உண்மையில் எங்கே இருக்கிறது

அமெரிக்காவில் 1950-களின் பெரும்பகுதியில் உச்ச விகிதம் 91%. அதைக் கேட்டு ஒருவர் பெருமூச்சு விடுவார், இன்னொருவர் நடுங்குவார். இருவருக்கும் முழுப் படம் தெரியாது. அதே காலத்தில் நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு அதிகபட்சம் 25% தான். ஆகவே வசதி உள்ளவர் வருமானத்தை அந்தக் கதவு வழியாகக் கொண்டுவந்தார். 91% கட்டியவர்கள் மிகச் சிலர். எதிர்த்திசையில், 1986 சீர்திருத்தம் உச்ச விகிதத்தை 50%-லிருந்து 28%-க்கு இறக்கியது. கூடவே மூலதன ஆதாயத்தின் 20%-ஐ 28%-க்கு ஏற்றிச் சம்பளத்தோடு சமமாக்கியது, வரி தப்பிக்கும் பல வழிகளை அடைத்தது. விகிதம் கிட்டத்தட்டப் பாதியானாலும் பணக்காரர் தரப்பின் பங்கு பெரிதாக மாறாதபடி அதை வடிவமைத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சமத்துவம் கலைந்தது.

2011-ல் அமெரிக்கப் பெருமுதலீட்டாளர் வாரன் பஃபெட் வெளியிட்ட தன் கணக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். சம்பளப் பிடித்தங்களும் சேர்த்து, வரிக்குரிய வருமானத்தில் அவர் கட்டியது 17.4%. அவருடைய அலுவலகத்தில் இருந்த மற்றவர்கள் கட்டியது சராசரியாக 36%. அதற்குள் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: பங்கின் விலை ஏறிக்கொண்டே போகிறது, விற்காதவரை அது வருமானமாகவே எண்ணப்படுவதில்லை. விற்காமல் அதன் மேல் கடன் வாங்கிச் செலவழிக்கலாம். அமெரிக்கச் சட்டப்படி உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு அன்றைய சந்தை விலையே வாங்கிய விலையாக எழுதப்படும். அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு யாருமே வருமான வரி கட்டுவதில்லை. சம்பளக்காரருக்கு மாதாமாதம் கைக்கு வருமுன்னே பிடித்தம் ஆகிறது. அடுக்குப் படிக்கட்டை அவர்தான் ஒவ்வொரு படியாக ஏறுகிறார். உச்சியில் இருப்பவர் பக்கத்து லிஃப்டில் போகிறார். இதைக் கண்டு கொதிப்பவர் நியாயமாகவே கொதிக்கிறார். ஆனால் இதற்கு மருந்து ஒரே விகிதம் இல்லை. ஒரே விகிதம் போட்டாலும் லிஃப்ட் அப்படியே இருக்கும்.

ஒரே விகிதம் எளிமையானது என்பதும் இதே போன்ற தவறு. அடுக்கில் வரி கணக்கிடுவது நாலு பெருக்கல், மூன்று கூட்டல். படிவம் பக்கம் பக்கமாக நீள்வது எது வருமானம், எது செலவு, எந்தக் கழிவு செல்லும் என்பதற்காகத்தான். எஸ்தோனியா 1994-ல் 26% என்று ஒரே விகிதம் போட்டது. ரஷ்யா 2001-ல் 12, 20, 30 என்றிருந்த மூன்று அடுக்கை 13% ஆக்கியது, வசூல் கூடியது. வரி நிர்வாகம் இறுகியதும் அதே சமயத்தில் நடந்ததால் எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம். ஸ்லோவாக்கியா 2004-ல் 19% போட்டு 2013-ல் இரண்டாவது விகிதம் சேர்த்தது. லாட்வியா 2018-லும் லித்துவேனியா 2019-லும் அடுக்குக்குத் திரும்பின. ரஷ்யாவே 2021-ல் 50 லட்சம் ரூபிளுக்கு மேல் 15% வைத்து, 2025-ல் 13 முதல் 22% வரை ஐந்து படி ஆக்கியது. பல்கேரியாவும் ஹங்கேரியும் ஒரே விகிதத்திலேயே நிற்கின்றன.

ஏறுமுக விகிதம் தானே உண்டாக்கும் கோளாறுகள்

இவை உண்மையானவை. ஆதரிப்பவர்கள் இவற்றை மறைக்கக் கூடாது.

பணவீக்கம். 10 லட்சம் வாங்கியவருக்கு, விலைவாசி 10% ஏறிய ஆண்டில் சம்பளமும் 10% ஏறி 11 லட்சம் ஆகிறது. உண்மையில் அவருக்கு எதுவும் கூடவில்லை. வரி 1,30,000-லிருந்து 1,60,000 ஆகிறது, சராசரி 13%-லிருந்து 14.5% ஆகிறது. கையில் வரும் 9,40,000-ஐப் பழைய விலையில் பார்த்தால் 8,54,500 சொச்சம், முன்பு 8,70,000. சட்டமன்றத்தில் யாரும் வாக்களிக்காமல் வரி கூடிவிட்டது. அடுக்கு வரம்புகளை விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிடுவதே தீர்வு. கனடா 1974-லும் அமெரிக்கா 1985-லும் அப்படிச் செய்தன. பிரிட்டன் தன் முக்கிய வரம்புகளை 2021 முதல் உறையவைத்திருக்கிறது. வரம்பை உறையவைப்பது சத்தமில்லாத வரி உயர்வு. எந்தக் கட்சி செய்தாலும் அதை அந்தப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும்.

ஏறி இறங்கும் வருமானம். இரண்டு ஆண்டும் தலா 10 லட்சம் வாங்கியவர் மொத்தம் 2,60,000 கட்டுகிறார். ஓர் ஆண்டு 20 லட்சம், அடுத்த ஆண்டு ஒன்றுமில்லை என்று சம்பாதித்தவர் 4,30,000 கட்டுகிறார். இரண்டு ஆண்டு வருமானம் இருவருக்கும் ஒன்றுதான், தண்டம் 1,70,000. விவசாயி, கலைஞர், பருவத்தொழில் செய்பவர் எல்லாரும் மாட்டுவது இதில்தான். ஆஸ்திரேலியா விவசாய வருமானத்தை ஐந்து ஆண்டு சராசரியில் பார்க்கிறது. அமெரிக்காவில் விவசாயிகளும் மீனவர்களும் முந்தைய மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்கிடலாம். எல்லாருக்கும் ஆயுள் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் முறையை வில்லியம் விக்ரி 1939-லேயே எழுதிவிட்டார். மிர்லீஸோடு 1996 நோபலைப் பகிர்ந்தவர் அவர்தான்.

குடும்பம். ஒருவரே 20 லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் 4,30,000 கட்டுகிறது. இருவரும் தலா 10 லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் 2,60,000. “சம வருமானக் குடும்பத்துக்குச் சம வரி” என்று இருவர் வருமானத்தையும் சேர்த்தால், இரண்டாவதாக வேலைக்குப் போகிறவரின், பெரும்பாலும் மனைவியின், முதல் காசே உயர்ந்த விகிதத்தில் விழும். ஏறுமுக விகிதம், சமக் குடும்பங்களுக்குச் சம வரி, கல்யாணத்தால் வரி மாறாமை, இந்த மூன்றையும் ஒரே சட்டத்தில் வைக்க முடியாது. கணிதம் அனுமதிக்காது. ஜெர்மனி சேர்த்து இரண்டாக வகுக்கிறது, பிரான்ஸ் பிள்ளைகளையும் பங்காக எண்ணி வகுக்கிறது, பிரிட்டன் 1990 முதல் தனித்தனியாகப் பார்க்கிறது. தனித்தனியாகப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம். வேலைக்குப் போவதா என்று முடிவெடுப்பவர் தன் உழைப்புக்குத் தன் விகிதத்தையே சந்திக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, அதிகம் பேசப்படாதது. உயர்ந்த விளிம்பு விகிதம் உச்சத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். அடியிலும் இருக்கிறது. உதவித்தொகை வாங்குபவர் 100 கூடுதலாகச் சம்பாதித்தால் உதவியில் 60 குறைகிறது, அதோடு 10% வரி என்றால் அவர் கையில் நிற்பது 30 தான். வரி என்று பெயர் இல்லாவிட்டாலும் அது 70% விகிதம்தான். கோடிக்காரரின் 30%-ஐப் பற்றி நடக்கும் விவாதத்தில் பத்தில் ஒரு பங்காவது இதைப் பற்றி நடக்க வேண்டும்.

உங்கள் நாட்டு முறையை நீங்களே சோதிக்க

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். விலக்கு வரம்பின் பாதியிலிருந்து நூறு மடங்கு வரை எட்டுப் பத்து வருமான அளவுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வருமான வரி, மேல்வரி, செஸ், சம்பளப் பிடித்தம், மறைமுக வரியின் தோராயம் எல்லாவற்றையும் கூட்டி, கிடைக்கும் உதவித்தொகையைக் கழியுங்கள். வருமானத்தால் வகுத்தால் சராசரி விகிதம். பிறகு ஒவ்வொரு வருமானத்திலும் 1,000 கூட்டி மறுபடி கணக்கிட்டு, வித்தியாசத்தை 1,000-ஆல் வகுங்கள். அதுதான் உண்மையான விளிம்பு விகிதம். 100%-ஐத் தாண்டும் இடம் இருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. நடுவில் ஏறி மறுபடி இறங்கினால் பிரிட்டனில் இருப்பதைப் போன்ற திமில் இருக்கிறது.

அடுத்ததாக, அதே வருமானம் சம்பளமாக இல்லாமல் மூலதன ஆதாயமாகவோ கம்பெனி லாபப் பங்காகவோ வந்தால் என்ன என்று பக்கத்தில் இன்னொரு வரிசை எழுதுங்கள். லாபப் பங்குக்கு, கம்பெனி ஏற்கனவே கட்டிய வரியையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டு ஒப்பிடுவது பலரும் செய்யும் பிழை. இரண்டு வரிசையும் எந்த வருமானத்தில் பிரியத் தொடங்குகின்றன, எவ்வளவு தூரம் விலகுகின்றன என்று பாருங்கள். உச்ச விகிதத்தை 5% கூட்டுவதா குறைப்பதா என்ற விவாதத்துக்குள் போகுமுன் அந்த இடைவெளியைப் பற்றி உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள்.